ஷிப்டுக்குப் போன அத்தா

சுரங்க வேலையை நம்பியிருக்கிற எங்கள் மந்தாரக்குப்பத்தில் அழுகிற பிள்ளைக்குச் சமாதானம் சொல்ல ஒரே பதில்தான். அத்தா எங்கே என்றால் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். கடைக்குப் போனாலும், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனாலும் அதேதான். எங்கே போனாலும் ராத்திரிக்குள் திரும்பிவிடுகிறவர்கள் என்பதால் அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் தௌஃபீக்கும் அதைத்தான் சொன்னார். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவருக்கு வெளிநாட்டுச் சுரங்கம் ஒன்றில் வேலை கிடைத்தது. விமானம் ஏறக் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "அத்தா ஷிப்டுக்குப் போய்ட்டு வரேன் கண்ணு," என்றார் மூத்தவள் ஷப்னத்திடம். மனுஷருக்கு அவள் அழுகையைப் பார்க்கத் தெம்பில்லை. பார்த்துக்கொள்ளத்தான் நான் இருக்கிறேனே.

ஷப்னத்துக்குப் பதினொரு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார்கள். நேற்று நடந்தபடியே இன்றும் நடக்க வேண்டும் அவளுக்கு. பகல் ஷிப்டு முடிகிற சங்கு ஊதியதும் கதவைத் திறந்துவிட்டு வாசலில் நிற்பாள். தெருவில் மற்ற வீட்டு ஆண்கள் வண்டியில் வந்து இறங்குவார்கள். தெரு அடங்கிய பிறகுதான் உள்ளே வருவாள். ஒன்றரை வருஷமாக அழாமல் நிற்கிறாள். அழுது தொலைத்தாலாவது தேவலை என்று எனக்கு ஆத்திரமாக வரும். வீடியோ காலில் அவர் முகத்தைக் காட்டினால் திரும்பிக்கொள்வாள். போனுக்குள் இருப்பவர் அவளுக்கு யாரோ.

போன மாதம் விசா வந்தது, எனக்கும் சின்னவள் சபீஹாவுக்கும் மட்டும். ஷப்னத்தின் மருத்துவ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"மேல்பட்டாம்பாக்கத்துல அக்கா வூட்டுல வுட்டுட்டு வா. ஒரு வருஷம்தான். மறுபடி அப்ளை பண்ணலாம்," என்றார் தௌஃபீக் போனில்.

"ஏங்க, அவ என்ன ஆட்டுக்குட்டியா, கட்டிப்போட்டுட்டு வர்றதுக்கு?"

"இங்க தனியா முடியல முனவரா," என்றார்.

எனக்கு மட்டும் இங்கே ஊரே கூட உட்கார்ந்திருக்கிறதா? ஆனாலும் மனம் இளகிவிட்டது. அவர் பக்கத்தில் இருக்க எனக்கும் ஆசைதான். அதைச் சொல்ல என்ன வெட்கம்.

இடம் பழகட்டும் என்று பிள்ளைகளோடு நாத்தனார் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். நாத்தனார் தங்கமானவர். ஷப்னத்துக்குப் பிடித்தபடி ரசத்தைத் தனியாக, சோற்றைத் தனியாக வைக்கக்கூடக் கற்றுக்கொண்டார். கடைசி நாள், அவளை மட்டும் ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியாமல் பையோடு நின்றேன். நாத்தனார் முந்திக்கொண்டார்.

"அம்மா ஷிப்டுக்குப் போறாங்கம்மா. வந்துருவாங்க."

ஷப்னம் தலையாட்டினாள். ஒரு சிணுங்கல் இல்லை. என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். நான் இன்னும் வீட்டுக்குள்தான் இருந்தேன். அவள் எனக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டாள்.

"எவ்ளோ சமத்து பாரு. நீ தைரியமா போய்ட்டு வா," என்றார் நாத்தனார். நான் பையைக் கீழே வைத்தேன்.

சாயங்காலம் தௌஃபீக்குக்குப் போன் போட்டேன். "நான் வரலீங்க. உங்களுக்குத் துணையா சபீஹாவ நீங்க வந்து கூட்டிக்கினு போங்க."

"அப்ப நீ? எத்தினி நாளைக்கு இப்பிடி?"

"தெரியலீங்க. ஆனா இந்தத் தடவ போறப்ப ஷிப்டுன்னு சொல்லாதீங்க. எங்க போறீங்க, எப்ப வருவீங்கன்னு ஷப்னத்துகிட்ட சொல்லிட்டுப் போங்க. புரியுதோ இல்லியோ, சொல்லுங்க. அழுதா அழட்டும். நான் பாத்துக்கிறேன்."