மாத்திரை தந்த ஆசை

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவளை எல்லோரும் கமா அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒரு கமா விட்டுப்போனதற்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னவள். அவ்வளவு கறார். குழாய் வேலை செய்யும் தம்பி குடித்துவிட்டு வரும்போதெல்லாம், "மனசு வெச்சா விட முடியாதா? எல்லாம் திமிரு" என்று திட்டுவாள். கடைசியில் வீட்டுப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டாள்.

ஓய்வு பெற்றபின் அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. பார்க்கின்சன் நோய் என்று மாத்திரை கொடுத்தார் நரம்பு மருத்துவர். நடுக்கம் அடங்கியது, வேறொன்று தொடங்கியது.

கைபேசியில் பழப்படங்கள் சுழலும் சூதாட்டம். விளம்பரத்தைத் தள்ளிவிடப் போய்த் தவறித் தொட்டாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஆடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிய ஆடினாள். ஜெயிப்பதுகூடப் பெரிதில்லை, படங்கள் நிற்கப்போகும் அந்தக் கணம்தான் வேண்டியிருந்தது. போதும் என்று வாய் சொல்லும்போதே விரல் அமுக்கிவிடும். யாருடைய விரலோ என்பதுபோல அதை வெறித்துப் பார்ப்பாள்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த பரிசோதனையில் மருத்துவர் சாதாரணமாகக் கேட்டார்: "புதுசா ஏதாவது அடக்க முடியாத ஆசை வந்திருக்காம்மா? சாப்பாடு, ஷாப்பிங், சூதாட்டம், இப்படி?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நடுக்கத்தை அடக்குற இதே மருந்து, சில பேருக்கு மூளையில ஆசையைத் தூண்டுற இடத்தையும் கிளறிவிட்டுடும். வேணாம்னு தடுக்கிற பக்கம் தளர்ந்துபோயிடும். மெதுவா குறைச்சு மாத்திடலாம். நீங்களா நிறுத்திடாதீங்க."

மாற்றினார்கள். சில வாரம் கழித்து ஒரு காலை, கைபேசியில் அதே விளம்பரம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. பழங்கள் வெறும் பழங்களாக இருந்தன. அவள் பல்லைக் கடிக்கவில்லை, சத்தியம் எதுவும் செய்யவில்லை. உலகத்தையே மறைத்து நின்ற ஒன்று, சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது. அவ்வளவு பெரியது தனக்குள் எங்கே இருந்தது? எந்த வழியாகப் போனது? அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்றே தம்பி வேலை செய்த இடத்துக்குப் போனாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து அவன் ஊர்ந்து வெளியே வந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு மாத்திரையால வந்துச்சு, போச்சு. எனக்கு?"

"தெரியலடா. தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம். ஆனா திமிரு இல்ல. அது மட்டும் தெரியும்."

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "அது வர்றப்ப உனக்கு எங்க தெரியும்?" என்றான்.

"விரல் நுனியில. உனக்கு?"

"தொண்டையில. கடையைக்கூடப் பார்க்க வேணாம், அந்தத் தெரு திரும்பினாலே போதும்."

"வேணாம்னு வாய் சொல்லுமா?"

"சொல்லிக்கிட்டே இருக்கும்க்கா. கால் போய்க்கிட்டே இருக்கும்."

அடுத்த வாரம் அவனைப் போதை சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். குடி ஒரே நாளில் போய்விடவில்லை; விட்டான், விழுந்தான், மறுபடி எழுந்தான். விழுந்த நாட்களில் அக்கா வீட்டில்தான் படுத்திருந்தான். அவள் திட்டவில்லை. தூங்கும் அந்தத் தலையை, இதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.