ஊற்று வலப்பக்கம், கழிமுகம் இடப்பக்கம்

ஒரு நாகரிகத்தின் பெருமை அது எதைக் கட்டியது என்பதில் இல்லை, எதை அழியாமல் காத்தது என்பதில்தான் இருக்கிறது. கல்லில் வெட்டியும் பாப்பிரஸில் தீட்டியும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மறதியோடு போர் புரிந்த மண் எங்களுடையது. அந்தப் போரின் இன்றைய தளபதி பாபல்லூக் கணினிச் சந்தையின் இரண்டாம் மாடியில், பொதுக் கழிப்பறைக்கு நேர் எதிரே கடை வைத்திருந்தார்.

பெயர் ஃபிக்ரி. பாஷ்முஹந்திஸ் ஃபிக்ரி, அதாவது தலைமைப் பொறியாளர். கெய்ரோவில் பல்பு மாற்றத் தெரிந்தவனையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் ஃபிக்ரி நிஜமாகவே பட்டம் வாங்கியவர். வேளாண் பொறியியல், சிறப்புப் பாடம் கோழி வளர்ப்பு. சான்றிதழைக் கடையில் மாட்டியிருந்தார். சிறப்புப் பாடம் அச்சாகியிருந்த இடத்தின் மேல் ஒரு கடிகாரம் தொங்கியது.

அவருடைய தொழில் சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை நகலெடுத்து மீட்பது. வேலையை உண்மையில் செய்தது வெளிநாட்டுக்காரர் யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரு மென்பொருள். விருந்தில் கறி தின்னத் தெரிந்தவனைப் போன்றது அது. முதல் சுற்றில் மெத்தென்ற சதையை எல்லாம் எடுத்துக்கொள்ளும். எலும்பு, அதாவது டிஸ்க்கின் கெட்டுப்போன இடம், பல்லில் பட்டால் நின்று மல்லுக்கட்டாது, தாண்டிப் போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு மறுமுனையிலிருந்து திரும்பி வந்து எலும்பை ஒவ்வொன்றாகக் கடிக்கும். ஃபிக்ரியின் பங்கு, பொத்தானை அழுத்திவிட்டுப் புதினாத் தேநீர் குடிப்பது.

இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. மென்பொருள் ஆங்கிலத்தில் பேசியது. எனவே அதை அரபியாக்கினார். அதற்கு ஒரு மொழிக்குழு அமைந்தது. தலைமை டாக்டர் இன்ஷிராஹ், ஓய்வு பெற்ற இலக்கணப் பேராசிரியை. தக்காளி வாங்கும்போதும் இலக்கண மொழியில் மட்டுமே பேசுகிறவர். அவருக்குக் காய்கறிக்காரன் தனி விலை சொல்வான், பயத்தில். பழுதான டிஸ்க்குக்கு ‘ஊற்று’ என்றும், நகல் போய்ச் சேரும் டிஸ்க்குக்கு ‘கழிமுகம்’ என்றும் குழு பெயர் சூட்டியது. நைல் நதியின் நினைவாக. ‘கழிமுகம்’ சரியா ‘சங்கமம்’ சரியா என்று மட்டும் குளிர்காலம் முழுதும் விவாதம் நடந்தது.

அரபி வலமிருந்து இடமாக ஓடும் மொழி. எனவே திரையில் டிஸ்க்குகளைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பெட்டிகளும் இடம் மாறின. ஊற்று வலப்பக்கம் வந்தது, கழிமுகம் இடப்பக்கம் போனது. நடுவில் இருந்த அம்புக்குறி மட்டும் சொல் அல்ல, படம். படம் மொழிக்குழுவின் வரம்புக்குள் வராது. அது பழையபடியே இடமிருந்து வலமாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

வெளியீட்டு விழாவுக்கு நிஜமான நோயாளி ஒன்று தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து வக்தி வந்து சேர்ந்தான்.

வக்தி கல்யாண வீடியோ எடுப்பவன். கையில் துணி சுற்றிய ஹார்ட் டிஸ்க். கறிக்கடை ஹாஜி மித்வல்லியின் மகள் கல்யாணம் முழுவதும் அதில்தான் இருந்தது. கேமரா அட்டைகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டான். டிஸ்க் இப்போது திறக்கவில்லை, டிக் டிக் என்று மட்டும் சொன்னது.

“ஹாஜி தினமும் ஃபோன் பண்றாரு பாஷ்முஹந்திஸ். நேத்து ஃபோன்லயே கத்தி தீட்டுற சத்தம் கேட்டுச்சு.”

“அது அவரு தொழில்யா. தீட்டாம என்ன பண்ணுவாரு?”

“அவருக்குப் பந்தி வேணாமாம், ஆட்டம் வேணாமாம். நிக்காஹ் ஒண்ணு போதுமாம். மாப்பிள்ளை கையப் பிடிச்சு, மேல வெள்ளைக் கைக்குட்டை போட்டு, பக்கத்துல ஷாஹீன் எம்.பி. சாட்சியா நிக்கிறாருல்ல, அந்த இடம். கடையில பெரிய டி.வி. வாங்கி வச்சிட்டாரு, அதை ஓட்டிக்கிட்டே இருக்கணும்னு. கறி வாங்க வர்றவன் விலை கேக்க மாட்டான்ங்கிறாரு.”

“வியாழக்கிழமை வா. விழாவிலேயே கையில தர்றேன். வரலாற்றுல உன் பேரும் வரும்.”

“வரலாறு வேணாம் பாஷா, நிக்காஹ் வந்தாப் போதும்.”

வியாழக்கிழமை சந்தையின் மாடி நடையில் நாற்காலிகள் போட்டார்கள். கழிப்பறைக் கதவுக்கு மேல் தேசியக் கொடி கட்டினார்கள். ஃபிக்ரி கறுப்பு சூட்டில் வந்து, இனி எந்த அரபியின் நினைவும் அந்நிய மொழியில் மீட்கப்படாது என்று அறிவித்தார். பின்வரிசையில் யாரோ வரவேண்டிய கேக் வந்துவிட்டதா என்று கேட்டார்.

மேஜையில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று வக்தியுடைய டிக்டிக். இன்னொன்று புத்தம் புதியது, வெறுமையானது. ஃபிக்ரி திரையைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், பழுதான டிஸ்க்கை இடப்பக்கப் பெட்டியில் தேர்ந்தெடுத்தார்.

முன்வரிசையிலிருந்து டாக்டர் இன்ஷிராஹ் கையுயர்த்தினார். “ஐயா, ஊற்று என்பது வலப்புறத்தில் அன்றோ பொறிக்கப்பட்டிருக்கிறது?”

“டாக்டர், எழுத்து உங்க துறை. அம்பு என் துறை. இடத்துலேருந்து வலத்துக்குப் போகுது பாருங்க. படிக்கத் தெரியாதவனுக்கும் அம்பு புரியும்.”

பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடு வளர்ந்தது. பிழைகள் என்ற இடத்தில் பூஜ்யம் நின்றது, நின்றபடியே இருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் ஃபிக்ரி. “இங்கிலீஷ்ல இதே டிஸ்க் முக்கி முனகியிருக்கும். நம்ம மொழியில ஒரு தடங்கல் இல்ல.”

கைதட்டல் எழுந்தது. வக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான். புது டிஸ்க்கைப் படிப்பதில் என்ன பிழை வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதிலிருந்த வெறுமை ஒரு துளி சிந்தாமல் கல்யாணத்தின் மேல் நகலாகிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் டிக்டிக் பலமாகக் கேட்டது. கோடு நின்றது. திரையில் ஒரு வாக்கியம் வந்தது: ‘கழிமுகம் ஏற்க மறுக்கிறது.’

“புது டிஸ்க் எதுக்கு மறுக்குது பாஷா?” என்றான் வக்தி.

“புதுசாச்சே. கூச்சப்படுது.”

டாக்டர் இன்ஷிராஹ் எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையை வலமிருந்து இடமாக ஒரு முறை வாசித்தார். பிறகு, அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதுவரை அவர் வாயில் கேட்டிராத மொழியில் பேசினார்.

“அடப்பாவி, தலைகீழா ஊத்திட்டியேடா.”

டிஸ்க்கின் நோய்தான் கல்யாணத்தைக் காப்பாற்றியது. அழிப்பதற்குக்கூட அது ஒத்துழைக்காமல் பாதியில் படுத்துவிட்டது. அன்று மாலை ஃபிக்ரி கடையின் ஷட்டரை இறக்கி, உள்ளே உட்கார்ந்து, பழைய ஆங்கில மென்பொருளைத் திறந்தார். அது யாருக்கும் சொற்பொழிவு ஆற்றாமல் சதையை எடுத்தது, எலும்பைத் தாண்டியது, திரும்பி வந்து கடித்தது. மறுநாள் கல்யாணம் கிடைத்தது. பந்தி கிடைத்தது. மாமன்மார் தடியாட்டம் கிடைத்தது. சித்தப்பா ஒருவர் மூன்றாவது முறை சோறு வாங்குவதுகூடத் தெளிவாகக் கிடைத்தது. வெறுமை விழுந்திருந்தது டிஸ்க்கின் தொடக்கத்தில் மட்டும்தான். வக்தி முறையான ஆள், நடந்த வரிசைப்படிதான் சேமிப்பான். தொடக்கத்தில் இருந்தது நிக்காஹ்.

ஹாஜி மித்வல்லி தானே சந்தைக்கு வந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை, கடையிலிருந்து நேராக வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“எம்.பி. எங்க?”

“ஹாஜி, எம்.பி. வந்து... பந்தியில இருக்காரான்னு தேடினேன்,” என்றான் வக்தி. “கையெழுத்துப் போட்டதும் கிளம்பிட்டாரு.”

“அப்ப திருப்பி எடு. மாப்பிள்ளை இருக்கான், நான் இருக்கேன், கைக்குட்டை இருக்கு.”

“எம்.பி. ஜெனீவா போயிருக்காரு ஹாஜி. மாநாடு.”

ஹாஜி யோசித்தார். கறிக்கடைக்காரர் யோசிக்கும்போது பார்வை எதிரில் இருப்பதை எடை போடும். எதிரில் ஃபிக்ரி இருந்தார், விழாவுக்குப் போட்ட கறுப்பு சூட்டிலேயே.

“எந்திரி.”

ஃபிக்ரி எழுந்தார்.

“திரும்பு.”

திரும்பினார்.

“முதுகு அதே முதுகு. கறுப்பு சூட்டும் இருக்கு. வக்தி, எம்.பி.யப் பின்னாலேருந்துதானே எடுத்த?”

“பாதி பின்னாலேருந்துதான் ஹாஜி.”

“முழுசும் பின்னாலேருந்து எடு. இவரு நிக்கட்டும்.”

“ஹாஜி, நான் ஒரு பாஷ்முஹந்திஸ்,” என்றார் ஃபிக்ரி. “துணை நடிகன் இல்ல. அதோட எம்.பி.க்குத் தலையில ஒரு முடி கிடையாது. ஊருக்கே தெரியும். என் முடியைப் பாருங்க, பின்னாலேருந்து காட்டினாலும் நம்ப மாட்டாங்க.”

“மழிச்சிட்டாப் போச்சு. என் பொண்ணு கல்யாணத்த அழிச்சவன் நீ. முடி வளரும்யா, கல்யாணம் வளராது.”

“மழிக்க முடியாது ஹாஜி.”

“ஏன் முடியாது? நானே மழிக்கிறேன். இதைவிடத் தடிச்ச தோலெல்லாம் பாத்த கை.”

ஹாஜி மேலங்கிக்குள் கையை விட்டார். கைக்குட்டையைத்தான் எடுத்தார், வெள்ளைக் கைக்குட்டை, நிக்காஹுக்கானது. ஆனால் ஃபிக்ரி அது வெளியே வரும்வரை காத்திருக்கவில்லை. வாடிக்கையாளர் ரகசியம் பற்றி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

வக்தி கேமராவை முக்காலியில் பூட்டி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். தலை பளபளவென்று இருந்தது. முடி, வகிடுகூடக் கலையாமல், முழுசாக அவர் கைப்பைக்குள் இருந்தது.