ஒரு தெருவும் மூன்று கார்டுகளும்

லிஃப்ட் மெக்கானிக் தன் பழைய கம்ப்யூட்டரில் முதல் கிராஃபிக்ஸ் கார்டைச் செருகிய செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அவர் குடியிருந்த தெருவில் பதினாறு நிறங்கள் மட்டுமே மிஞ்சின. தக்காளியும், தபால் பெட்டியும், ஜலதோஷம் பிடித்திருந்த மூன்றாம் வீட்டுக்காரரின் மூக்கும் ஒரே சிவப்பாயின. பச்சையில் இரண்டே வகைதான் கிடைத்தன, மரங்கள் அவற்றைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்தவர்களிடம் லைனில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னார்கள். அது உண்மைதான்.

மெக்கானிக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. இருபத்திரண்டு வயதில் அவர் ஆடிய கார் பந்தய விளையாட்டு ஒன்றில் கடைசிச் சுற்று முடியாமல் நின்றுபோயிருந்தது. அதை அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில்தான் ஆட முடியும், திரையில் படம் வர அந்தக் காலத்துக் கார்டுதான் வேண்டும். பழைய சாமான் கடைக்காரர் மூன்று கார்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, ஒத்துவருவதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரச் சொன்னார். வேறு யாராவது என்றால் அரை மணி நேரத்தில் மூன்றையும் போட்டுப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். இவரோ லிஃப்ட்காரர். எந்தப் பாகமும் ஏழு நாள் ஓடாமல் கையெழுத்துப் போட மாட்டார். முப்பது வருஷத்தில் அவர் கைபட்ட லிஃப்ட் ஒன்றுகூட நடுவில் நின்றதில்லை என்பதால் அந்தப் பழக்கத்தை யாரும் குறை சொல்லவும் முடியாது. கார் நன்றாக ஓடியது. தெரு ஏழு நாள் பதினாறு நிறத்தில் கிடந்தது.

அடி வாங்கியது அவர் மனைவி. தெருமுனைப் பெயின்ட் கடையில் நிறம் கலப்பது அவள் வேலை. தொள்ளாயிரம் நிறங்களைக் கண்ணாலேயே பிரித்துச் சொல்வாள், இருபது வருஷத்தில் அவள் கலந்த டப்பா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த வாரம் பல் டாக்டர் கேட்ட இளம் மஞ்சளைக் குத்துமதிப்பாகக் கலந்து கொடுத்தாள். தெருவைத் தாண்டியதும் அது ஈரல் நிறமாகிவிட்டது. நோயாளிகள் நாற்காலியில் உட்காரும் முன்பே வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள் என்று டாக்டர் வந்து புலம்பினார். இன்னொரு டப்பா திரும்பி வந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் அவமானத்தில் அழுதாள். கண்ணீர் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது.

அடுத்த செவ்வாய் இரண்டாவது கார்டு. நிறங்கள் திரும்பின, ஆனால் இருபதடிக்கு அப்பால் எல்லாவற்றையும் மூடுபனி விழுங்கியது. பேருந்து ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புறப்பட்டு வந்தது. பதினோரு வருஷமாக எதிரும் புதிருமாக இருந்த இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் நிம்மதியாகச் சாப்பிட்டன. பெயின்ட் டப்பாவில்தான் பனி இறங்கி, வெள்ளை சாம்பலானது. கை சுளுக்கு என்று சொல்லி அவள் அந்த வாரம் ஒரு டப்பாவையும் திறக்கவில்லை.

மூன்றாவது கார்டு போட்டதும் தொள்ளாயிரம் நிறங்களும் வந்து நின்றன, தெருக்கோடி வரை தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டு மட்டும் வரவில்லை. அந்தப் பழைய விளையாட்டுக்கு அந்தக் கார்டு ரொம்பப் புதுசு. கறுத்த திரைக்கு முன்னால் மெக்கானிக் ஏழு நாள் உட்கார்ந்து பார்த்தார். எட்டாம் நாள் பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"கேம் ஓடுதா?" என்று கேட்டாள் மனைவி.

"கார்டு ஓடுது" என்றார் அவர்.

கடைக்காரரிடம் திருப்பித் தரப்போனபோது பனிக் கார்டு மட்டும்தான் அலமாரியில் இருந்தது. முதல் கார்டை எங்கோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்தார். அதன்பின் லீவு நாட்களில் கறுத்த திரையைத் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான்கு மாதம் இப்படிப் போனது. பெயின்ட் கடை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஒரு பழைய பெயின்ட் டப்பாவோடும் ஸ்க்ரூ டிரைவரோடும் வந்து, பெட்டியைத் தானே திறந்து, டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த முதல் கார்டை எடுத்துச் செருகினாள்.

"ஆறு நாளும் தொள்ளாயிரம் கலரப் பாத்து எனக்குக் கண்ணு எரியுது. ஒரு நாளைக்குப் பதினாறு போதும். உக்காந்து ஓட்டுங்க."

அன்றுமுதல் அந்தத் தெருவுக்கு ஞாயிறுதோறும் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை பதினாறு நிறம். வாடகைக்கு வீடு காட்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வரச் சொல்கிறார்கள், சுவரில் ஈரக்கறை தெரியாது. வெளியூர் விருந்தாளிகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்கள், யாரும் விளக்கம் சொல்வதில்லை. ஒன்பது வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடைசிச் சுற்றை முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போடச் சொல்லிக்கொண்டிருந்த மனைவியும் அதைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாள். அவர் முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தார்.