வாய்க்கட்டு

வெடிச்சத்தம் கேட்டது. மணிச்சத்தம் கேட்கவில்லை.

பள்ளத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலி நிமிர்வதற்குள் கற்கள் பறந்து வந்தன. அப்போதுதான் கிழக்கே வெளுத்திருந்தது. கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறையிடுக்கில் ஒண்டினாள். புகையும் கந்தக நெடியும் அடங்கியபோது, கிழவர் சின்னசாமி தன் முழங்காலை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது.

திருத்தணிக்கு வெளியே இருந்த அந்தக் கல்குழியில் ஒரு வழக்கம் உண்டு. வெடித்திரிக்கு நெருப்பு வைக்கும் முன்னால், புளியமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒருவன் அடிப்பான். சத்தம் கேட்டதும் பள்ளத்தில் இருப்பவர்கள் மேலேறிவிடுவார்கள். காண்ட்ராக்டர் சடகோபனுக்கு இது பொறுக்கவில்லை. யுத்தகாலம், பட்டாளத்து ரோட்டுக்கு ஜல்லி கேட்டு ரயில் வாகன்கள் ஸ்டேஷனில் காத்திருந்தன. ஒருவன் சும்மா நின்று இரும்பைத் தட்டுவதா? மணியடிப்பவனை ஜல்லி ஏற்ற அனுப்பிவிட்டார்.

"இதுங்க ஏறி வர்றதுக்குள்ள பாதிப் பொழுது பூடும். வெய்டா திரியை" என்று அன்று விடியலில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் திரி வைத்தவன். சடகோபனின் அக்காள் மகன். இன்னொருவன் பாஞ்சாலியின் புருஷன் வீராசாமி.

வீராசாமி தண்டவாளத்தை நோக்கி ஓடினான். நெருப்பு அவனைவிட வேகமாக ஓடிவிட்டது.

பிறகும் அவன் நிறுத்தவில்லை. கிழவரை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, சம்மட்டியால் தண்டவாளத்தை அடித்துக்கொண்டே நின்றான். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் பள்ளத்தில் இறங்கக்கூடாது என்பது வழக்கமல்லவா? யாரும் இறங்கவில்லை.

வெடித்ததும் தன் குதிரை ஜட்காவில் ஏறிப்போன சடகோபன் வெயில் ஏறியபின் திரும்பி வந்தார். கிழவர் உயிரோடிருக்கிறாரா என்று கேட்கவில்லை. வாகன் ஏன் காலி என்று கேட்டார்.

"இன்னாடா கூத்து இது? கல்லை அடிக்கச் சொன்னா இரும்பை அடிக்கிறான்."

"மணியடிக்கிற ஆளைத் திரும்ப வைங்க. கெழவனுக்கு வைத்தியம் பாருங்க. அதுவரிக்கும் சம்மட்டி தூக்க மாட்டோம்" என்றான் பாஞ்சாலியின் தம்பி பங்காரு.

"அதை அவன் சொல்லட்டுமே. வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"பாவா வேண்டுதல்ல கீறாருங்க. ஆடிக் கிருத்திகை வரிக்கும் பேச மாட்டாரு. அப்பால பேசுவாரு. நீங்க காலங்காத்தால இன்னா சொன்னீங்கன்னு கோர்ட்டுக் கச்சேரியில வந்தே பேசுவாரு."

பங்காருவுக்கு வாய் நீளம். அந்தக் கடைசி வார்த்தையை அவன் விழுங்கியிருக்கலாம். சடகோபன் வீராசாமியின் வாயை மறைத்த மஞ்சள் துணியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

போன வருஷம் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது வீராசாமி மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டது அது. குழந்தை பிழைத்தது. ஆடி பிறந்ததும் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டான். கிருத்திகையன்று காவடியோடு மலையேறி முருகன் முன்னால்தான் அவிழ்ப்பான். திருத்தணியில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்று அவன் நினைத்தான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் தண்டவாளத்தடியிலேயே போலீஸ் அவனைப் பிடித்தது. அபாயகரமான பைத்தியம், ஊரில் திரிகிறது என்று சடகோபன் கொடுத்த பிராது.

டாக்டர் வந்தார். மலைக்கோயில் பிரசாதம் நெற்றியில் இருந்தது.

"பேரு என்ன?"

பதில் இல்லை.

"இன்னிக்கி என்ன கெழமை?"

பதில் இல்லை.

"இப்ப யாரு ராஜா?"

வீராசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்: காரணமின்றிச் சிரிக்கிறான்.

லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று பாஞ்சாலி திட்டினாள். "வருசமெல்லாம் என்கிட்ட வாயாடுறே. பேச வேண்டிய எடத்துல மூடிக்கினியா? ஒரு வார்த்தை பேசித் தொலையேன். சாமி கோவிச்சுக்காது."

அவன் தலையை ஆட்டினான். மகள் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினான். அதற்குமேல் அவளாலும் திட்ட முடியவில்லை.

கச்சேரி வாசலில் வக்கீல் குமாஸ்தா கங்காதரன் வெற்றிலை மென்றுகொண்டே சட்டத்தை விளக்கினான். சிப்பாய்க் கலகம் அடங்கின சூட்டோடு வெள்ளைக்காரன் பைத்தியங்களுக்கென்று சட்டம் போட்டானாம். பிற்பாடு தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் அதை மாற்றிப் புதிதாக ஒன்று.

"சித்தம் கலங்கினவனைப் பார்த்துக்கத்தாம்மா சட்டம். அப்பால பைத்தியக்கார வூடுன்னு சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரின்னு சொல்லணும்னு பேரைக்கூட மாத்துனாங்க. இட்டுகினு போறது மட்டும் அதே போலீஸுதான். டாக்டர் எழுதணும், மாஜிஸ்திரேட் உத்தரவு போடணும். அவ்ளோதான், மதராஸ் ரயிலு."

"தப்பிக்க வழியே இல்லியா?"

"ஒண்ணு கீது. சொந்தக்காரங்க ஜாமீன் எழுதித் தரலாம். 'இந்தப் பைத்தியத்தை நானே கட்டிக் காப்பாத்துறேன்'னு நீ கைநாட்டு வெச்சா வூட்டுக்கு இட்டுகினு போலாம்."

"வெச்சா?"

கங்காதரன் வெற்றிலையைத் துப்பினான். "வெச்சா ஆளு வருவான். அவன் பேச்சு வராது. பைத்தியத்தோட சாட்சியை எவன் கேப்பான்?"

அன்று சாயங்காலமே சடகோபன் குடிசைக்கு முன்னால் ஜட்காவை நிறுத்தினார். இறங்கவில்லை. குடிசை மண் அவர் செருப்புக்கு ஆகாது.

"பாவம்மா நீ, பொட்டப்புள்ளைய வெச்சிகினு. ஜாமீன் எழுதிக் குடு. நானே மாஜிஸ்திரேட் கிட்டச் சொல்றேன். கிருத்திகைக்கு உன் புருசன் காவடி எடுக்கலாம்."

"அவருக்குப் பைத்தியம்னு நான் சொல்லணும்."

"ஒரு வார்த்தைதானே?"

"ஆங், ஒரு வார்த்தைதான். அதுக்கு இம்மாந்தூரம் குதிரையை ஓட்டிகினு வந்தீங்களே. அந்தக் குதிரைக்குக் கீற வெக்கம் உங்களுக்கு இல்லியே" என்றாள் பாஞ்சாலி.

ஜட்கா போனபின் அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைநாட்டு வைத்தால் புருஷன் வீட்டுக்கு வருவான்; சின்னசாமியின் கால் யாருக்கும் பொறுப்பில்லாத கால் ஆகிவிடும்; நாளைக்கு இன்னொருவர் கால். வைக்காவிட்டால் அவன் மதராஸுக்குப் போவான்; அங்கே பெரிய டாக்டர் பைத்தியமில்லை என்று எழுதினால் அவன் பேச்சு தப்பும், ஆனால் எப்போது வருவானென்று யாருக்குத் தெரியும்? குடிசைக்குள் மகள் அப்பாவுக்கென்று எடுத்துவைத்த கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

கல்குழி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அதுவரை சிலருக்கு மனம் தளர்ந்துதான் இருந்தது. ஆதிகேசவன் வேலைக்குத் திரும்ப காலையிலேயே சம்மட்டியைத் தேடி எடுத்து வைத்துவிட்டவன். அடுப்பு எரிய வேண்டுமே.

"மாஜிஸ்திரேட் நம்ம கிட்டயும் தானே கேள்வி கேப்பான். வா, போய் எல்லாரும் பேசுவோம்" என்றான் பங்காரு.

"நீ பேசினதெல்லாம் போதும்" என்றாள் பாஞ்சாலி. "பேசுறவன் பேச்சை எவன் கேக்குறான்? பேசாதவனைக் கண்டுதான் பயப்படுறானுங்க. யாரு வூட்ல மஞ்சா கீது?"

யாரும் உடனே எழவில்லை. முதலில் எழுந்தவன் ஆதிகேசவன். தன் மேல்துண்டைக் கிழித்து அவளிடம் நீட்டினான்.

காலையில் கச்சேரி வளாகம் மஞ்சளாகிவிட்டது. உளியடிப்பவர்கள், ஜல்லி சலிப்பவர்கள், கூடை தூக்கும் பெண்கள் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டாத வாய் பாஞ்சாலியுடையது மட்டும்தான்.

மாஜிஸ்திரேட் சந்தனப் பொட்டோடு வந்து அமர்ந்தார். ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் மலையில் பரிவட்டம் கட்டிக்கொள்பவர். வாய்க்கட்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதென்று மலைமேல் குரங்குகூட நம்பாது.

"ஜாமீன் எழுதித் தர்றியாம்மா?"

"மாட்டேனுங்க. எங்க வூட்டுக்காரருக்குப் பைத்தியம் இல்ல. வேண்டுதலு."

"டாக்டர் பார்த்து எழுதியிருக்காரு. பேர் கேட்டா சொல்லல."

"பேரு சொல்லாதவன் பைத்தியம்னா, இவங்களையும் கேளுங்க சாமி. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

மாஜிஸ்திரேட்டுக்கு முகம் சிவந்தது. எழுந்து வராந்தாவுக்கு வந்தார். ஆதிகேசவனைப் பார்த்து, "உன் பேரு?" என்றார். அவன் அவரையே பார்த்தான். அடுத்தவளைக் கேட்டார். அவளும் பார்த்தாள். வரிசை முழுக்கக் கண்கள்தான் பதில் சொல்லின. கூடத்தின் ஓரத்தில் கான்ஸ்டபிளோடு நின்ற வீராசாமியின் கண் நிறைந்திருந்தது. பாஞ்சாலி அவனைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள், பார்த்தால் அழுதுவிடுவாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த சடகோபன் சிரித்தார். "திமிருங்க. உள்ள தள்ளுங்க."

அவர் யோசனை மாஜிஸ்திரேட்டுக்குப் பிடித்திருந்தது. அதிகாரம் கேலிக்கு ஆளாவதை அவர் எப்போதும் பொறுத்ததில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"எல்லாரையும் காவல்ல வைங்க. டாக்டர் ஒவ்வொருத்தரா சோதிக்கட்டும். பத்து நாள் வெச்சிருந்து பார்க்கச் சட்டத்துல இடம் இருக்கு."

சட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சடகோபனின் சிரிப்புதான் பாதியில் நின்றது. ஸ்டேஷனில் காலியாக நிற்கும் வாகன்களும், அவற்றைக் கேட்டு வரப்போகும் பட்டாளத்து அதிகாரியும் அவர் கண்ணில் வந்து நின்றிருக்க வேண்டும். நாற்காலி பின்னால் சாய, பதறி எழுந்தார்.

"வேணாங்க, எஜமான். இவங்களுக்குப் பைத்தியமும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம மலைக்கு வேண்டிகினு வாயைக் கட்டிகினு கீறாங்க, இது நம்ம ஊர்ல யாருக்குங்க தெரியாது?"