இரண்டு முனியன், ஒரே அட்டை

1984-இல் எங்கள் காசநோய் மருத்துவ நிலையத்தில் பழைய நோட்டுகளை ஒழித்து, ஆளுக்கு ஓர் அட்டை என்று கொண்டுவந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். இரண்டாவது பதிவைச் சேர்த்துவிட வேண்டும். எண்ணூறு அட்டைகளையும் தனி ஆளாக எழுதியவன் நான். எழுத்து வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலையூரில், ‘முனியன், தகப்பன் பெயர் கண்ணாயிரம்’ இரண்டு முறை வந்தது. ஒன்றில் வயது அறுபத்தெட்டு, பதினெட்டு மாத மருந்தும் முடிந்திருந்தது. இன்னொன்றில் வயது இருபது, ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மலைக்காரர்களுக்கு வயது சொல்லத் தெரியாது என்று நானே முடிவுகட்டி, இரண்டையும் ஒன்றாக்கி, ‘சிகிச்சை முடிந்தது’ என்று முத்திரை குத்தினேன்.

அதற்கு நான்காம் மாதம் ஒரு பெண் தன் மகனைத் தாங்கிப் பிடித்தபடி ஜீப்பிலிருந்து இறங்கினாள். அவன் வாயைப் பொத்தியிருந்த துண்டில் ரத்தம்.

“மூணு தபா வந்தான் சார். மருந்து முடிஞ்சிபோச்சின்னு அனுப்பிட்டீங்களாம். இன்னா சார் முடிஞ்சிபோச்சி?”

அனுப்பியவன் நான்தான். அட்டையை எடுத்து, ‘முனியன், வயது அறுபத்தெட்டு’ என்று படித்துக் காட்டினேன்.

“அது எங்க மாமனாருங்க. அவரு பேர நான் சொல்றதில்ல. தாத்தா பேரத்தான் மூத்த பேரனுக்கு வைக்கிறது.”

தாத்தாவின் தகப்பனும் கண்ணாயிரம், பேரனின் தகப்பனும் கண்ணாயிரம். தாத்தா பெயரையும் சேர்த்து எழுதினால் பிரித்துவிடலாமே என்று கேட்டேன். இருவருக்கும் தாத்தா பெயரும் முனியன்தான்.

“பெத்தவ பேர எழுதுங்க சார். என் பேரு குப்பம்மா. எங்க மாமனார நானா பெத்தேன்?”

அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். பிறகு எண்ணூறு அட்டைகளிலும் அப்படியே எழுத வேண்டியதாயிற்று.

டாக்டர் மருந்தை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். இந்த முறை கேட்குமா என்று குப்பம்மா கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

புது அட்டையில் வயதுக் கட்டம் காலியாக இருந்தது. என்ன வயது என்று முனியனைக் கேட்டேன்.

“இருபதுங்க,” என்றான். “அன்னிக்கும் அதாங்க சொன்னேன்.”