துவைகல்லின் அடிப்பக்கம்

கல்லைத் தட்டிக் கேட்காமல் சம்மட்டியைத் தூக்குகிறவன் கொத்தனாரே இல்லை. எங்கே அடித்தால் பிளக்கும் என்பது ஓசையில்தான் தெரியும். பல்கீஸ் பாயம்மா வீட்டுக் கொல்லையில் கிடந்த துவைகல்லைச் சுத்தியலால் தட்டினேன். ஓரத்தில் கணீரென்றது. நடுவில் வேறு மாதிரி கேட்டது. இருபது வருட வேலையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

"ஒடைச்சி அள்ளிக்கினு போப்பா அந்தோணி. நாளைக்கி வாஷிங் மிஷின் வருது" என்றார் பாயம்மா. முப்பது வருடம் அந்தக் கல்லில் குனிந்து துவைத்தே அவருக்கு இடுப்பு போய்விட்டது. கல்லை முழுசாக வெளியே கொண்டுபோக வழியில்லை. முன்வாசல் குறுகல், பின்னால் சுவர். கல்தான் முதலில் இருந்திருக்க வேண்டும், வீட்டை அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

சத்தம் மனதை உறுத்தியது. கடப்பாரையால் நெம்பி, செங்கல் செங்கலாக முட்டுக்கொடுத்து, தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து நிமிர்த்தினேன். ஈரமண் பொத்தென்று விழுந்தது. முதலில் ஒரு முழங்கால் தெரிந்தது. பிறகு மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். பாயம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்ற, முகம் வந்தது. மூக்கு நுனி சிதைந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன, உதட்டில் லேசான சிரிப்பு.

"யாருப்பா இது?"

"புத்தரா, சமண சாமியா, தெரிலமா." என் குரல் தானாகவே தணிந்துவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கே தோண்டினாலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நாங்கள் வேலையிடத்தில் கேலி பேசுவோம். அன்றைக்கு அந்தக் கேலி வாயில் வரவில்லை. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், பாயம்மா ஐந்து வேளை தொழுகிறவர். எங்கள் இருவருக்குமே அவர் சாமி இல்லை. மேலே எத்தனை ராஜாக்கள், எத்தனை வீடுகள், எத்தனை கல்யாணச் சோறு! இவர் மட்டும் மண்ணைப் பார்த்தபடி, சிரிப்பு மாறாமல் இருந்திருக்கிறார். நினைக்க நினைக்க எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"யா அல்லா, இத்தினி வருஷமா இவரு முதுகுலயா தொவைச்சிக்கினு இருந்தேன்?"

"தாசில்தார் ஆபீஸ்ல சொல்லணும் பாயம்மா. ஆனா முழுசா வெளிய எடுக்கணும்னா செவுத்த இடிச்சாத்தான் முடியும்."

போன ரம்ஜானுக்குத்தான் அந்தச் சுவருக்கு நீல டைல்ஸ் ஒட்டினேன். தெருவையே கூப்பிட்டுக் காட்டினார் பாயம்மா. இப்போது டைல்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி டைல்ஸைப் பார்த்தார். கல்லை உடை என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. சம்மட்டி கையில் கனத்தது.

"செவுத்தயே இடிப்பா. டைல்ஸு கடையில கெடைக்கும்."

மூன்றாவது அடியில் சுவரில் ஓட்டை விழுந்து, பின்சந்து வெயில் உள்ளே வந்தது. பாயம்மா எனக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டு, செங்கல் துணுக்கு தெறித்துவிடாதபடி, தன் துப்பட்டாவை இரண்டு கையாலும் அந்த முகத்தின்முன் விரித்துப் பிடித்திருந்தார்.