சமையல்கட்டுக்கு மேலே விட்ட இடைவெளி

தன் வீட்டுக்குள் போக வழியில்லாமல் தன் வீட்டு வாசலிலேயே நின்றார் குமரவேல்.

ரிமோட்டை அழுத்தியதும் வெளிக்கேட் திறந்தது. வெளியிலிருந்து திறக்கக்கூடியது அது ஒன்றுதான். அதைத் தாண்டினால் இரும்புக் கிரில், அதில் உள்பக்கமாகத் தொங்கும் பூட்டு. "நான் வேலைக்குக் கிளம்பினதும் உள்ள பூட்டிக்கோ. நான் வந்து கூப்பிட்டாத்தான் திறக்கணும்." மனைவி துளசிக்கு அவர் போட்ட சட்டம் அது. இன்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். போன் அடித்துப் பார்த்தார். வீட்டுக்குள் மணி கேட்டது, எடுக்கத்தான் ஆளில்லை.

குடைக் கம்பியை முன் ஜன்னலுக்குள் விட்டுத் திரையை ஒதுக்கினார். புக்கிட் செந்தோசாவின் வரிசை வீடுகள் எல்லாம் நேர்கோட்டில் இருக்கும். முன்னால் கூடம், பின்னால் சமையல்கட்டு. இங்கே நின்றால் அங்கே தெரியும். சமையல்கட்டுத் தரையில் துளசியின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவை அசையவில்லை.

துளசிக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டுக்கொள்வாள். இன்று வெள்ளிக்கிழமை, விரதம். ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எந்தச் சாமி கேட்டது அவளிடம் பட்டினி?

கிரில்லைப் பிடித்து உலுக்கினார், உதைத்தார். கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய கெட்டி இரும்பு இம்மியும் அசையவில்லை. தீயணைப்புப் படையான பொம்பாவுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாயிற்று. கிளம்பிவிட்டார்களாம். பெருஞ்சாலையில் ஒரே நெரிசலாம். அதுவரை அவள் தாங்குவாளா?

ஈ எறும்பு நுழைய முடியாத வீடு என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவர் அவர். பெருமைக்குக் காரணம் பழையது. அவர் பிறந்த எஸ்டேட் லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரே கூரை. வீட்டுக்கு வீடு நடுச்சுவர் முக்கால் உயரத்தோடு நின்றுவிடும். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கஷாயம் கொதிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவைத் திட்டிய வார்த்தைகளை, மறுநாள் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகள் அவர் காதுபடத் திருப்பிச் சொன்னார்கள். தனக்கென்று ஒரு வீடு வந்தால் அதன் சுவர் கூரையைத் தொட வேண்டும் என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்தார்.

வீடு வந்தது. சுவர் கூரையைத் தொடவில்லை. கட்டியவர்கள் சீலிங் வரை கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு மேலே வரிசை முழுவதும் ஒரே வெளி. அது தெரிந்ததே வீட்டில் திருட்டுப் போன அன்றைக்குத்தான். திருவிழாவுக்குப் போய்த் திரும்பினால் சீலிங் உடைந்து கிடந்தது, துளசியின் வளையல்களைக் காணோம். வரிசையின் கடைசியில் ஒரு காலி வீடு, அதன் ஓடு விலகியிருந்தது. யார் வேண்டுமானாலும் அந்த வழியாக வந்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பக்கத்து வீட்டு அம்சவள்ளியின் மகன் புவனேசன் ஏர்கோன் பொருத்துகிறவன், சீலிங்குக்குள் ஏறிப் பழகியவன். அவன் பெயரைப் போலீசில் எழுதிக் கொடுத்தார். ஓர் இரவு லோக்கப்பில் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். குமரவேல் மன்னிப்புக் கேட்கவில்லை. கிரில் போட்டார், மதிலை உயர்த்தினார், இந்தோனேசியக் கொத்தனாரை வைத்துச் சீலிங்குக்கு மேலேயும் சுவர் எழுப்பினார். அம்சவள்ளியோடு பேசக் கூடாது என்று துளசியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

சத்தம் கேட்டு அந்த அம்சவள்ளிதான் இப்போது ஓடி வந்தாள். இரண்டு வருடத்தில் இந்த வாசலை அவள் மிதித்ததில்லை.

"துளசிக்கு என்னண்ணே?"

அவர் ஜன்னலைக் காட்டினார். எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "காலையிலேருந்து குரலே இல்லையேன்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்துவிட்டு, தன் வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "புவன்! ஓடியாடா!"

புவனேசன் கையில் ஸ்பானரோடு வந்தான். குமரவேலைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"மேல ஏறி அந்தப் பக்கம் இறங்குடா" என்றாள் அம்சவள்ளி.

"மேல அடைச்சாச்சு" என்றார் குமரவேல். சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டியது. "நான்தான் அடைச்சேன்."

"முழுசா அடைக்கலண்ணே. சமையல்கட்டுக்கு மேல ஒரு ஆள் நுழையற அளவுக்கு எடம் விட்டிருக்கு. துளசிதான் கொத்தனாருகிட்ட சொல்லி விடச் சொன்னா."

வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இப்போது அவர் காதில் விழுந்தது 'எடம் இருக்கு' என்பது மட்டும்தான்.

புவனேசன் அசையவில்லை. "நான் ஏற மாட்டேம்மா. அந்த வழியா எறங்காமலேயே ஒரு ராத்திரி உள்ள இருந்தேன். எறங்கினா என்ன ஆவும்?"

"டேய், அவ செத்துருவாடா!"

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, குமரவேலையே பார்த்தான். கேட்க வேண்டியவர் கேட்கட்டும் என்று நின்றான். குமரவேல் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்குள் அந்தப் பாதங்கள் அப்படியே கிடந்தன.

"எறங்குப்பா" என்றார். "நான்தான் சொல்றேன். என் வீட்டுக்குள்ள எறங்கு."

ஸ்பானரைப் போட்டுவிட்டு அவன் ஓடினான்.

குமரவேல் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு காத்திருந்தார். பக்கத்து வீட்டில் நாற்காலி இழுபட்டது. பிறகு மேலே உத்திரம் முனகியது. பின்பக்கம் கல் ஒன்று உரசியது. சமையல்கட்டுச் சீலிங்கின் பலகை விலகி, தூசி கொட்டி, இரண்டு கால்கள் தொங்கின. போலீசிடம் அவர் கண்ணால் பார்த்தது போலச் சொன்ன காட்சி, இரண்டு வருடம் கழித்து அவர் கண்ணெதிரே அப்படியே நடந்தது. அடுப்பு மேடையில் சட்டி உருண்டது. புவனேசன் குதித்தான்.

"மூச்சு இருக்கு மாமா! முனகுறாங்க!"

"சீனி! மேல் தட்டுல டப்பா! தண்ணி குடுத்துடாத, புரை ஏறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு உதட்டுக்குள்ள தடவு!"

அவன் குனிந்தான். உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுத் தடவினான். துளசியின் கால் ஒன்று மெல்ல மடங்கியதைக் குமரவேல் பார்த்தார். 'முருகா' என்று வாய்விட்டு அழுதார்.

"சாவி எங்க மாமா?"

"ரூம்ல. அலமாரி பக்கத்து ஆணியில."

அவன் அறைக்குள் போனான். ஜன்னலிலிருந்து அறை தெரியாது. அலமாரியில்தான் மிச்சமிருந்த நகை. கொஞ்ச நேரம்தான், சாவியை எடுக்க ஆகிற நேரம். அந்தக் கொஞ்ச நேரத்திலும் குமரவேலின் மனதுக்குள் அந்தப் பழைய புழு நெளிந்தது. பெண்டாட்டி தரையில் கிடக்கிறாள், மனிதருக்குப் புத்தி போன இடத்தைப் பாருங்கள்!

புவனேசன் வந்து மரக்கதவைத் திறந்தான், கிரில்லின் பூட்டைத் திறந்தான். எல்லாம் வலது கையால். இடது கையை இறுகப் பொத்தியிருந்தான். குமரவேலின் கண் அந்தக் கையில் போய் நின்றது. எடுக்க வேண்டும் என்று நினைத்தும் எடுக்க முடியவில்லை.

புவனேசன் அதைப் பார்த்துவிட்டான். கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி விரித்தான். கூரைத் தூசி கலந்து சாம்பல் நிறத்தில் ஈரமாய்க் கசிந்துகொண்டிருந்தது சீனி.

"சீனி மாமா" என்றான். வேறொன்றும் சொல்லாமல் அவரைத் தாண்டி வெளியே போனான்.

துளசி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவளே எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க வேலைக்குப் போயிட்டா எனக்கு யாருங்க பேச்சுத் துணை? நாலு சுவரும் பேசுமா? கொத்தனாருக்கு டீ போட்டுக் குடுத்து, அந்த மூலையை மட்டும் விடச் சொன்னேன். தெனமும் அம்சாகிட்ட நாலு வார்த்தை பேசுவேன். அதுக்குக் கோவப்படறதுன்னா கோவப்பட்டுக்குங்க." அவர் கோபப்படவில்லை. தினமும் அவர் கூப்பிட்டதும் பூட்டைத் திறக்க வந்தபோதெல்லாம் அவள் முகம் எப்படித் தெளிவாக இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

வீடு திரும்பியதும் துளசி நேரே சமையல்கட்டுக்குப் போனாள். ஒளிவு மறைவு எதற்கு இனி? துடைப்பக் கட்டையால் சீலிங் பலகையைத் தள்ளி, மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "அம்சா! வந்துட்டேன் லா!"

மேலிருந்து அம்சவள்ளியின் குரல் வந்தது.

"நல்லா இரு துளசி. நேரத்துக்குச் சாப்புடு. ஆனா இனிமே இந்த ஓட்டை வேணாம். உசுரைக் காப்பாத்திட்டு வந்த புள்ளையோட கையைப் பாத்தாரு உன் வீட்டுக்காரரு. நாளைக்கு ஒரு ஊசி காணாப் போனாலும் என் மவன் தலையிலதான் விடியும். அவனே அடைக்கிறான்."

அதற்குப் பின்னால், கொத்துக்கரண்டியால் சிமெண்ட்டை வழிக்கிற சத்தம் கேட்டது.

துளசி குமரவேல் பக்கம் திரும்பினாள். "கையைப் பாத்தீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்போரமாகவே உட்கார்ந்துவிட்டாள். கீழே விழுந்து கிடந்த நாளில்கூட அவள் இவ்வளவு தனியாகத் தெரியவில்லை.

குமரவேல் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டார். அதன்மேல் நாற்காலியை வைத்து ஏறினார். தலையைச் சீலிங்குக்குள் நுழைத்ததும் சூடும் தூசியும் மூக்கில் ஏறின. பக்கத்திலேயே இருந்தது அவர் எழுப்பச் சொன்ன சுவர். அதன் மூலையில் புதுக் கற்கள், ஈரச் சிமெண்ட். ஒரே ஒரு கல் வைக்கிற இடம் மட்டும் பாக்கி. அதற்கு அப்பால் டார்ச் வெளிச்சத்தில் புவனேசனின் முகம் தெரிந்தது. கடைசிக் கல்லைக் கையில் வைத்திருந்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் குமரவேல் ஏறியிருந்தார். இரண்டு வருடம் சொல்லாத சொல், கூப்பிட்டதும் வந்துவிடுமா? அவர் தன் கையை அந்த இடைவெளிக்குள் நீட்டினார். விரலை விரித்து, உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பி அங்கேயே வைத்தார்.

புவனேசன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தான்.

"கையை எடுங்க மாமா. சிமெண்ட்டு காஞ்சிரும்."

குமரவேல் கையை எடுக்கவில்லை.